பச்சை இறைச்சியும் எலும்பும் நாய்க்குக் கொடுக்கலாமா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்ல. சிவில் டிப்ளமோ முடித்து 1980-இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்புப் பிரிவிலேயே காலம் தள்ளி, 2019-இல் ஓய்வு பெற்றவன். நாய் உணவைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மூன்று குடும்பத்தார் தனித்தனியாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "உங்க புரூனோவுக்குப் பச்சைக் கறியும் எலும்பும் போட்டீங்களாமே சார், எங்க வீட்டு நாய்க்கும் அப்படிப் போடலாமா?" அவர்களுக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் முடிகிற சங்கதியாக இது எனக்கு அமையவில்லை. சொல்ல ஆரம்பித்தால் போனக்காடு வரை போய்த்தான் நிற்க வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரை.

புரூனோ என் பேரனின் நாய். லாப்ரடார் இனம். மகன் பெங்களூரிலிருந்து துபாய்க்கு மாற்றலாகிப் போனபோது, 2021-இல், இரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வருடத்துக்கு இரண்டு முறை பேரன் விடுமுறையில் வருவான். வந்த நிமிடத்திலிருந்து திரும்பிப் போகும் நிமிடம் வரை நாயும் அவனும் ஒரே பாயில்தான்.

2022 மார்ச்சில் மகன் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, நாய் ஓநாயோட வம்சம். சோறும் பிஸ்கட்டும் அதுக்கு ஒத்துக்காது. பச்சைக் கறியும் எலும்பும் போடுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றான். என் மனைவி பக்கத்திலிருந்து, "மூணு வேளையும் குப்பூஸ் வாங்கிச் சாப்பிடுறவன் நாய்க்கு மட்டும் சரியாச் சொல்றான்" என்றாள். இருந்தாலும் மகன் சொல்கிறானே என்று படித்துப் பார்த்தேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கடையில் விற்கும் நாய்த் தீனி ஒன்றும் அநாதி காலத்து விஷயம் அல்ல. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் 1860-களில் லண்டனில் நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் அது ஒரு தொழிலாக வளர்ந்தது. அதற்கு எதிர்க்குரலாக ஆஸ்திரேலியாவிலிருந்து இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற கால்நடை மருத்துவர், நாய்க்கு எலும்பைக் கொடுங்கள் என்று 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். சதை ஒட்டிய பச்சை எலும்புதான் நாயின் இயற்கை உணவு, வேகவைத்த மாவுத் தீனியால்தான் பல்நோயும் தோல்நோயும் வருகின்றன என்பது அவர் கட்சி. இன்று அதற்கு 'பார்ஃப்' என்று பெயர் வைத்து உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். நூறு பங்கில் எண்பது சதை, பத்து எலும்பு, பத்து உள்ளுறுப்பு, அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரல் என்று கணக்கும் சொல்கிறார்கள். நாயின் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு ஒரு நாளைக்கு.

கணக்கு என்று வந்துவிட்டால் எனக்குக் குஷி. புரூனோவின் எடை 34 கிலோ. நாளொன்றுக்கு 800 கிராம் என்று வைத்தேன். 640 கிராம் சதை, 80 கிராம் எலும்பு, 80 கிராம் உள்ளுறுப்பு. பழைய ரயில்வே டைரி ஒன்றில் தேதி வாரியாக எழுதினேன். கோழிக் கழுத்து, எருமை இறைச்சி (இங்கே போத்து என்பார்கள்), ஈரல் எல்லாம் வாங்கிப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினேன். ஃப்ரீசரில் தன் தேங்காய்த் துருவலுக்கு இடமில்லை என்று மனைவி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. பார்த்ததை உள்ளபடி சொல்கிறேன். பல் சுத்தமாயிற்று. எலும்பைக் கடித்து மெல்லும்போது பல்லில் படியும் காறை உதிர்வது உண்மை. ரோமம் பளபளத்தது. கொழுப்புள்ள இறைச்சி தின்றால் எந்த நாய்க்கும் அப்படித்தான். எடை 34-லிருந்து 31-க்கு இறங்கியது. ஆனால் அதே சமயம் மாலை பிஸ்கட்டையும் நிறுத்தியிருந்தேன், ஆகவே இதன் பெருமை எதைச் சேரும் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஜூன் மாதம் கழுத்தெலும்பு கொஞ்சம் கூடிப்போய் மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து இறுகி, இரண்டு நாள் முக்கிக்கொண்டு நின்றது. மருத்துவர் எனிமா கொடுத்துச் சரி செய்தார். அவர் திட்டவில்லை. "எலும்பைக் குறையுங்கள், சார். குடல் புழு மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார். முதல் வாக்கியத்தை டைரியில் குறித்துக்கொண்டேன். இரண்டாவதைக் குறிக்கவில்லை.

இனிப் போனக்காடு. நெடுமங்காடு, விதுரா வழியாக இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் நடை தொடங்குவார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது பேய் பங்களா இருக்கும் ஊர் என்று மட்டும் தெரிகிறது. எனக்கு அது பிறந்த ஊர். என் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் கொழுந்து கிள்ளியவர்கள். தொழிற்சாலை ஓடாமல் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. போக வேறு இடமில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் லயங்களிலேயே இருக்கிறார்கள். என் மூத்த அக்கா இரண்டாவது ரகம்.

லயத்தில் நாய் இல்லாத வீடு கிடையாது. பன்றியை விரட்டவும், சிறுத்தை வந்தால் குரல் கொடுக்கவும் நாய் வேண்டும். குரல் கொடுத்த நாயையே சிறுத்தை தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் அடுத்தடுத்து மூன்று டைகர்கள் இருந்தன. அவை என்ன தின்றன? ரேஷன் அரிசிக் கஞ்சி, மரவள்ளிக் கிழங்கு, கருவாட்டுத் தலை. நாங்கள் தின்றதில் மிச்சம், அவ்வளவுதான். பத்து, பன்னிரண்டு வயது வரை, சிறுத்தை விட்டுவைத்த நாய்கள், நன்றாகத்தான் இருந்தன.

இதற்கு விஞ்ஞான விளக்கம் பின்னால்தான் கிடைத்தது. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற பொருளைச் செய்யும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு நான்கிலிருந்து முப்பது வரை இருக்கிறது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கி, அவன் அடுப்படியை அண்டி வாழ்ந்த பிராணி அவன் சோற்றுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டுவிட்டது. ஓநாயின் வம்சம் என்பது சரிதான். நானும் கொழுந்து கிள்ளியவர்கள் வம்சம்தான், என் முதுகில் இப்போது கூடை கட்டினால் பத்து நிமிடம் தாங்காது.

2022 தீபாவளி அக்டோபர் 24-ஆம் தேதி வந்தது. லயத்தில் தீபாவளிக்குப் பங்கு ஆடு போடுவது வழக்கம். பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஆடு வாங்கி, விடியற்காலையில் அறுத்து, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். ஆட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் வெள்ளையாகக் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. லயத்தில் அதைத் தண்ணிக் கட்டி என்பார்கள், புதிதல்ல. அந்தப் பாகத்தை மனிதர் தின்னமாட்டார்கள். கத்தியால் அறுத்து எடுத்து, சுற்றிலும் காத்திருக்கும் நாய்களுக்கு வீசுவார்கள். என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். நானும் பார்த்தேன். பத்துப் பங்கு உள்ளுறுப்பு என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததே! புத்தம் புதிது, கண் முன்னால் அறுத்தது, இதைவிடச் சுத்தமாக எங்கே கிடைக்கும் என்று எண்ணி, முக்கால் கிலோ ஈரலும் நுரையீரலும் வாழை இலையில் பொதிந்து, ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்து வந்து அன்று மாலையும் மறுநாளும் புரூனோவுக்குப் பச்சையாகவே போட்டேன். டைரியில் அந்தத் தேதிகளுக்கு நேரே 'மிகவும் விருப்பமாகத் தின்றது' என்று எழுதியிருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் அக்காவுக்கு வலது விலாவுக்குக் கீழே கனம், பசியின்மை. வாயு என்று மாதக்கணக்கில் கஷாயம் குடித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. நகரத்துக்கு அழைத்து வந்து ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். அந்த அல்ட்ராசவுண்ட் எனக்குப் பழகிய வித்தை. தண்டவாளத்தின் உள்விரிசலை நாங்களும் இதே ஒலி அலையை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அவர்கள் வயிற்றில் ஜெல் தடவுகிறார்கள், நாங்கள் தண்டவாளத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே கருவியைத் தள்ளுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே திரையில் ஈரலுக்குள் கறுப்பாக ஒரு வட்டமும் அதற்குள் சிறு சிறு வட்டங்களும் தெரிந்தபோது, பெயர் தெரியாவிட்டாலும் அது இருக்க வேண்டிய ஒன்றல்ல என்று எனக்கே தெரிந்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் நாய் உண்டா?" இரண்டாவது கேள்வி, "ஆடு அறுத்தால் குடல், ஈரலை நாய்க்குப் பச்சையாகப் போடுவீர்களா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏல தம்பி, என் வயித்து வலிக்கும் நாய் திங்கறதுக்கும் என்னல சம்பந்தம்? இந்த டாக்டர் என்ன கேக்காரு?" என்றாள்.

சம்பந்தம் இதுதான். எக்கினோகாக்கஸ் என்று ஒரு நாடாப்புழு. நாயின் சிறுகுடலில் வாழும். நாடாப்புழு என்றவுடன் முழ நீளத்துக்கு நினைக்க வேண்டாம். இதன் நீளம் அரை சென்டிமீட்டர் அளவுதான். ஆயிரக்கணக்கில் குடலில் ஒட்டியிருந்தாலும் நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஓடும், விளையாடும், ரோமம் மினுங்கும். அதன் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெளியேறும். ஈரமான குளிர்ந்த மண்ணில் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். போனக்காட்டு மண் எப்படிப்பட்டது என்று போனவர்களுக்குத் தெரியும். அந்தப் புல்லை ஆடு மேய்கிறது. முட்டை ஆட்டின் குடலில் பொரிந்து, இரத்தத்தோடு போய் ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி நீர்க்கட்டியாக வளர்கிறது. ஹைடாடிட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கட்டிக்குள் ஆயிரமாயிரம் புழுத் தலைகள். ஆட்டை அறுத்து அந்தக் கட்டியை நாய்க்குப் போட்டால் ஒவ்வொரு தலையும் நாயின் குடலில் ஒரு புழுவாகும். மறுபடியும் முட்டை, மறுபடியும் புல்.

மனிதன் இந்தப் பாதையில் வேண்டப்படாத பிரயாணி. ரயில்வேயில் டெட் எண்ட் சைடிங் என்போம், உள்ளே போன வண்டி மேற்கொண்டு போக வழியில்லாத கிளைப்பாதை. நாயைத் தடவிய கையோடு சாப்பிடுவது, நாய் முகத்தை நக்க விடுவது, கழுவாத கீரை, இவற்றின் வழியாக முட்டை நமக்குள் போனால் அது ஆட்டுக்குச் செய்ததையே நமக்கும் செய்யும். பெரும்பாலும் ஈரலில், அடுத்தபடியாக நுரையீரலில். வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். பத்து வருடம், இருபது வருடம் கழித்துத் தெரிந்தவர்களும் உண்டு. அக்காவுக்கு எந்த வருடத்து நாயிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டி வயிற்றுக்குள் உடைந்தால் உடம்பு ஒவ்வாமையில் அதிர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தனக்கு வேண்டாம் என்று மனிதன் ஒதுக்குவது எந்தப் பாகத்தை? நோயுள்ள பாகத்தைத்தான். அதையே பொறுக்கி எடுத்து நாய்க்குப் போடுகிறோம். புழுவுக்கு வண்டி பிடித்து ஏற்றி அனுப்பியது மாதிரி.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று நான் கணக்குப் போட்டேன். புழுத் தலை நாயின் குடலுக்குள் போய், வளர்ந்து, முட்டை போடத் தொடங்க ஆறு ஏழு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். அக்டோபர் 24-இல் போட்டேன். அன்றைக்கு நவம்பர் 28. முப்பத்தைந்து நாள், ஐந்து வாரம். பேரன் டிசம்பர் பாதியில் வருகிறான். வந்தால் அந்த நாயோடு ஒரே பாயில் படுப்பான்.

அன்று மாலையே புரூனோவைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் பிரசிகுவான்டெல் என்ற மருந்தை எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் கொடுத்தார். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது, ஆகவே மூன்று நாளைக்கு மலத்தைக் கையுறை போட்டு எடுத்து எரித்துவிடுங்கள் என்றார். செய்தேன். மலத்தைச் சோதித்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டதற்கு, பூதக்கண்ணாடியில் இதன் முட்டையும் மற்ற சில நாடாப்புழுக்களின் முட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றார். ஆகவே புரூனோவுக்கு அந்தப் புழு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் ஸ்கேன் செய்துகொண்டோம், யாருக்கும் ஒன்றுமில்லை. மகனிடம் சொன்னபோது அவன் நெடுநேரம் பேசவே இல்லை.

அக்காவுக்கு ஆல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து, பிறகு 2023 பிப்ரவரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நார்த்தங்காய் அளவுக் கட்டி. உள்ளே பன்னீர் திராட்சைக் குலை போல் குட்டிக் கட்டிகள். அறுக்கும்போது ஒரு சொட்டு நீரும் வயிற்றுக்குள் சிந்தக் கூடாதாம். ஐந்து மணி நேரம் ஆயிற்று. இப்போது நலமாக இருக்கிறாள், மறுபடியும் லயத்தில்தான்.

இந்த நோய் ஏதோ நம் மலைக்கு மட்டும் வாய்த்த சாபம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐஸ்லாந்து தீவில் 19-ஆம் நூற்றாண்டில் இது வீட்டுக்கு வீடு இருந்தது. ஆடு மேய்க்கும் நாடு, வீட்டுக்குள்ளேயே நாய். ஹரால்ட் க்ராபே என்ற டென்மார்க்காரர் 1863-இல் அங்கே போய் ஆராய்ந்து, நோய் வரும் வழியை விளக்கி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அது மறு வருடம் அச்சாகி வீடுவீடாக இலவசமாகப் போயிற்று. உள்ளுறுப்பை நாய்க்குப் போடாமல் புதைப்பது என்ற ஒரு பழக்கம் ஊன்றியது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே நோயே இல்லாமல் போயிற்று. ரெய்க்யவிக் நகரில் 1924 முதல் 1984 வரை நாய் வளர்க்கவே தடை இருந்தது என்றால் எவ்வளவு பயந்திருப்பார்கள் பாருங்கள். நியூசிலாந்து 1959-இல் சட்டம் போட்டு, நாய்களுக்கெல்லாம் மருந்து கொடுத்து, 2002-இல்தான் நோய் நீங்கியதாக அறிவித்தது. நாற்பது வருடத்துக்கு மேல். பச்சை எலும்பு போடச் சொல்லும் புத்தகங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன. அங்கே இறைச்சிக்கூடத்தில் பரிசோதகர் நின்று ஈரலைப் புரட்டிப் பார்த்து, கட்டி இருந்தால் தள்ளிவிடுகிறார். புத்தகத்தில் அந்தப் பரிசோதகர் வருவதில்லை, ஏனென்றால் அவருக்கு அது அன்றாடக் காட்சி. நாம் புத்தகத்தை மட்டும் இறக்குமதி செய்கிறோம். நாம் வாங்கும் கறியில் முத்திரை இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

நாடாப்புழுவை விட்டால் அடுத்தது கிருமி. கனடாவில் 2002-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், பச்சைக் கோழி தின்ற பத்து நாய்களின் உணவு மாதிரிகளில் நூற்றுக்கு எண்பதில் சால்மொனெல்லா இருந்தது, மலத்தில் நூற்றுக்கு முப்பதில். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஆனால் தரையில் தவழும் குழந்தையும் சர்க்கரை நோய்க்காரப் பாட்டியும் அதே வீட்டில்தானே இருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் கடைகளில் விற்கும் 35 வகை உறைந்த பச்சைத் தீனிகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் லிஸ்டீரியா, ஐந்தில் ஒன்றில் சால்மொனெல்லா. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சை இறைச்சி வேண்டாம் என்று 2012-லேயே சொல்லிவிட்டது. ஃப்ரீசரில் வைத்தால் போதாதா என்பார்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. உறைகுளிர், புழுவுக்கும் அதன் கட்டிக்கும் எமன்: பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் பத்து நாள் வைத்தால் கட்டிக்குள் இருப்பது சாகும். பாக்டீரியாவோ குளிரில் தூங்கும், வெளியே எடுத்தால் எழுந்துவிடும். நம் வீட்டு ஃப்ரீசர் மின்வெட்டு நாளில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பச்சை எலும்பு கெடுதல், வேகவைத்த எலும்பு நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறே அதுதான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும் இலையோடு எலும்பை நாய்க்குத் தள்ளுகிறோம். எலும்பு என்பது ஆர்.சி.சி. தூண் மாதிரி. கால்சியம் உப்பு அதன் கான்கிரீட், கொலாஜன் என்ற நார்ப்பொருள் அதன் கம்பி. வேகும்போது கொலாஜன் கரைந்து வெளியே வந்துவிடுகிறது, சூப் ஆறினால் உறைந்து நிற்கிறதே, அது இதுதான். கம்பி இல்லாத தூண் என்ன ஆகும்? வளையாமல் படீரென்று உடையும். அதுவும் கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஒரு கோழித் தொடை எலும்பை நாலைந்து நாள் வினிகரில் ஊறப் போட்டு வளைத்துப் பாருங்கள். உப்புக் கரைந்துபோய் ரப்பர் மாதிரி வளையும். கம்பி மட்டும் மிஞ்சிய தூண் அது. பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. தவிர பிரியாணி எலும்பில் ஒட்டியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

வெறும் சதையை மட்டும் வேகவைத்துப் போட்டாலும் போதாது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. நாய்க்கு கால்சியம் சற்றுத் தூக்கலாக வேண்டும். கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குட்டி நாய்க்கு வெறும் கறி மட்டும் போட்டு வளர்த்தால் கால் வளைந்துபோவது இதனால்தான். ஓநாய் எலும்பைத் தின்று இதைச் சரிக்கட்டுகிறது. நாம் முட்டை ஓட்டால் சரிக்கட்டலாம். ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, ஒரு கிலோ இறைச்சிக்கு ஒரு டீஸ்பூன் கலந்தால் சுமார் 2 கிராம் கால்சியம் கிடைக்கும். இது வளர்ந்த நாய்க்கு. குட்டிக்கும் சினை நாய்க்கும் வீட்டுச் சமையலை நம்பாமல் மருத்துவரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

புரூனோவுக்கு இப்போது என்ன கொடுக்கிறேன் என்றால், வேகவைத்த கோழிச் சதை (எலும்பு இல்லாமல்), சோறு, பூசணி அல்லது கேரட், முட்டை ஓட்டுத் தூள். ஈரல் வாரம் இருமுறை, அதுவும் அரை மணி நேரம் கொதித்த பிறகு. உப்பும் வெங்காயமும் கிடையாது. எடை 32 கிலோவில் நிற்கிறது. பல் மறுபடி கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, அதற்கு பிரஷ் வைத்துத் தேய்க்கிறேன், அது என்னைக் கேவலமாகப் பார்க்கிறது. எந்த எலும்பும் கொடுப்பதில்லை. என் நண்பர் ஒருவர், வீட்டில் சிறு குழந்தை இல்லாதவர், முத்திரையுள்ள இறைச்சிக்கடையிலிருந்து வாங்கி, உறையவைத்து, பச்சை விலா எலும்பு மட்டும் முற்றத்தில் வைத்துக் கொடுக்கிறார். உள்ளுறுப்பு எதுவும் பச்சையாகக் கொடுப்பதில்லை. அவரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் மாட்டுத் தொடை எலும்பைக் கொடுத்து நாயின் கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொண்டார் ஒரு முறை. கட்டைவிரல் நகம் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை.

பூச்சி மருந்து விஷயத்தில் ஒன்று. கடையில் கேட்டால் ஏதோ ஒரு மாத்திரையைக் கொடுப்பார்கள். அட்டையில் பிரசிகுவான்டெல் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உருண்டைப் புழுவுக்கு மட்டும் உள்ள மருந்து இந்த நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. ஆடு அறுக்கும் இடங்களில் திரியும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொல்கிறார்கள். ஏன் ஆறு வாரம் என்று இப்போது உங்களுக்கே தெரியும். விரிசல் முறிவாக வளர எடுக்கும் காலத்துக்குள் அடுத்த சோதனை வந்துவிட வேண்டும் என்றுதான் நாங்களும் தண்டவாளத்துக்குத் தேதி குறிப்போம். உங்களில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். கோயில் கொடையோ கல்யாணமோ, கறி வெட்டும் இடத்தில் அவிழ்த்து விட்டிருந்தால், திரும்பியதும் முதல் வேலை அந்த மாத்திரைதான்.

போன தீபாவளிக்கும் போனக்காட்டில் பங்கு ஆடு போட்டார்கள். குழி வெட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். நான்கு அடி ஆழம், குடலும் ஈரல் கழிவும் உள்ளே, மேலே சுண்ணாம்பு, அதன் மேல் மண், அதற்கும் மேல் பழைய தொழிற்சாலைப் பக்கமிருந்து உருட்டிக்கொண்டு வந்த ஒரு கல். நாய்களுக்கு அன்று வேகவைத்த குடலும் சோறும். அக்கா கையில் கம்போடு காவல் நின்றாள். பக்கத்து லயத்துப் பையன் ஒருவன், பழக்க தோஷத்தில், தண்ணிக் கட்டி உள்ள ஒரு துண்டை அறுத்து வீசக் கையை ஓங்கினான். அக்கா கம்பைத் தரையில் ஓங்கித் தட்டி, "ஏல, அத குழியில போடு. அது என் வயித்துல இருந்ததுல" என்றாள்.